ஊசியில போட்ட கோடு

அந்தத் துப்பாக்கிய மொதல்ல பையில வைங்க சார். அது நெத்தியில காட்டிக் காய்ச்சல் பாக்கற சாமான். இன்ஜின் சூடு பாக்கறக்கு அதத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. நூத்திப்பத்து டிகிரியில நிக்கற இன்ஜினுக்கு நேரா புடிச்சீங்கன்னா, 'ஹை'ன்னு காட்டிட்டு அது படுத்துக்கும். எங்கிருந்து புடிச்சீங்க இத? சரி, விடுங்க.

எனக்கு எச்சில் போதும். சிரிக்காதீங்க. வெரல்ல தொட்டு இன்ஜின் தலையில ஒரு சொட்டு வெக்கோணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுக்குச் சுண்டுச்சுன்னா இன்ஜின் சௌக்கியமா இருக்குதுன்னு அர்த்தம். அஞ்சாச்சுன்னா எண்ணெய் ஜாஸ்தி குடிக்குது. வெச்ச ஒடனே தெறிச்சு ஓடுச்சுன்னா வேகுது. இதுக்கு பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், வாய் இருந்தாப் போதும்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், செவுத்தோரமா இழுத்துப் போட்டுக்கங்க. சுலோச்சனா, டீ வெய்யி, வண்டி பாக்க ஆள் வந்திருக்குது. என் சம்சாரம்ங்க. போன்ல வெளம்பரம் போட்டது அவதான், நான் போடல. 'நைட்ரோ மான்ஸ்டர் டிரக், ரிமோட், நல்ல கண்டிசன்'னு போட்டிருக்கா. நல்ல கண்டிசனாம். நாலு மாசமா நான் சோறு நல்லா திங்கறதில்லைன்னு அவளுக்கு ஒரு நெனப்பு. அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? வண்டி போனா வீடு கூட்டறக்கு வாகா இருக்கும், அதுக்கு ஒரு சாக்கு.

இந்தா, இதுதான் வண்டி. ரெண்டடி நீளம். நைட்ரோன்னா பேட்டரி இல்ல, எண்ணெயில ஓடற இன்ஜின். சக்கரம் ஒவ்வொண்ணும் உரிச்ச தேங்கா சைசு. பொம்மைன்னு மட்டும் சொல்லீராதீங்க, போன வாரம் ஒருத்தர் சொன்னாரு, வாசலோட அனுப்பிட்டேன். பொம்மைக்கு கார்புரேட்டர் இருக்குமா? கிளட்ச் இருக்குமா? கையில ரிமோட்ட வெச்சு வெரல அழுத்துனா மணிக்கு அறுவது கிலோமீட்டர் போகும், பொக போட்டுட்டு.

என்ன கேட்டீங்க? இடது பக்கம் இழுக்குமாவா?

என் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது. முப்பத்தோரு வருசம் பம்பு கம்பெனியில பிட்டர் நான். ராத்திரிக் காலேஜ்ல டிப்ளமா முடிச்சவன். நாலு வருசப் படிப்ப ஏழு வருசம் படிச்சேன், அதனால மத்தவங்கள விட மூணு வருசம் ஜாஸ்தியா தெரியும். இழுக்குமான்னு கேக்கறாரு.

இது எப்படி வந்துச்சுன்னா, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பெரிய வீட்டுல மோட்டார் தண்ணி ஏத்தலைன்னு போனேன். மோட்டார் ரூம்ல, பழைய செருப்புக்குக் கீழ கெடந்துச்சு. மகன் அமெரிக்காவுல இருந்து கொண்டாந்தானாம், ரெண்டு நாள் ஓட்டுனானாம், இன்ஜின் 'ஜாம்' ஆயிருச்சாம். ஜாமும் இல்ல, ஜெல்லியும் இல்ல. உள்ள இருந்த எண்ணெய் காஞ்சு பிசினாட்டம் ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். அஞ்சு நிமிசம் சூடு காட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வரும். அதக் கூடத் தெரியாம குப்பையில போட்டிருக்கான், இன்ஜினியராம். எடுத்துக்கறீங்களான்னு கேட்டாங்க. எடுத்துக்கிட்டேன்.

ரிப்பேர் பண்ணி ஓட்டறதுன்னா, ரிப்பேர் நானு. ஓட்டறது சாலமன்.

சாலமன்னா டவுன் பஸ் டிரைவர். நான் ராத்திரிக் காலேஜ் போயிட்டிருந்த காலத்துல கடைசி பஸ்ச ஓட்டிட்டு வருவான். கிளாஸ் விட லேட்டாச்சுன்னா ரெண்டு நிமிசம் பஸ்ச நிறுத்தி வெச்சிருப்பான். ஏழு வருசம். அதுக்காக அவன் பெரிய மனுசன்னு அர்த்தமில்ல. அவனுக்கு பஸ்சு சத்தம் போட்டா எங்கிட்டக் கேக்கறக்கு ஒரு ஆள் வேணும். "பிட்டரே, தேர்டு கியர்ல 'கொர்'ருங்குது, என்னவா இருக்கும்?" டிரைவருங்க எல்லாரும் ஒரே ஜாதி, எது ஆனாலும் வண்டியத்தான் சொல்லுவாங்க. நாங்க பிட்டருங்க உண்மையச் சொல்லுவோம், தப்பு டிரைவருதுன்னு.

ஆனா ஓட்டறதுல அவன் கை சுமாரா இருக்கும். சுமார்தான். இந்த வண்டியில ஒரு கோளாறு இருக்குது பாருங்க, டிசைன்லயே கோளாறு. நம்மள விட்டுப் போறப்ப வலதுன்னா வலது. திரும்பி நம்மள நோக்கி வர்றப்ப நம்ம வலது அதுக்கு இடதாயிருது. எவன் இப்படிச் செஞ்சான்னு தெரியல. அதனால நான் ஓட்டறப்ப ரெண்டு மூணு தடவ செவுத்துல ஏறிருச்சு. ரிமோட்டு கோளாறாவும் இருக்கலாம். சாலமனுக்கு மட்டும் அது தெரியவே தெரியாது. முப்பதடி பஸ்ச கண்ணாடியப் பாத்து சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கறவனுக்கு வலதும் இடதும் ஒண்ணுதான் போல.

ஞாயித்துக்கெழம காலையில மூடிப்போன மில்லு ஒண்ணோட கிரவுண்டுக்குப் போவோம். அங்க ஒரு கோஷ்டி வரும். எல்லாம் பேட்டரி வண்டி. தலைவரு ஒரு பல் டாக்டர். பேட்டரி வண்டி ஓடறதப் பாத்திருக்கீங்களா? மிக்ஸியில சட்னி அரைக்கற சத்தம். ராத்திரியெல்லாம் சார்ஜ் போடறது, காலையில ஓட்டறது, ஒடைஞ்சா கூரியர்ல புது பார்ட்டு. ஸ்பானர் புடிச்ச கை ஒண்ணு கெடையாது அங்க. ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகறதுன்னு போன்ல வீடியோ பாக்கறாங்க. பல்லு புடுங்கறப்பவும் பாத்துட்டுத்தான் புடுங்குவாரோ என்னமோ.

எங்க வண்டி ஸ்டார்ட் ஆனா எல்லாரும் மூக்கப் பொத்துவாங்க. ஆனா ஓடிப்போயி ஒரு மேடு ஏறி எகிறுச்சுன்னா, மொதல்ல கை தட்டறது அவங்கதான்.

அந்த டாக்டர்தான் போன மார்கழியில சொன்னாரு. "அங்கிள், பக்கத்து அபார்ட்மென்ட்ல சத்தம், பொகைன்னு கம்ப்ளெயின்ட். மாசியில ரேஸ் வெக்கறோம். அதுல நீங்க ஜெயிச்சா நான் அவங்ககிட்டப் பேசறேன். இல்லைன்னா அதோட நைட்ரோ வேண்டாம்." அங்கிளாம். அவருக்கு வயசு நாப்பத்தஞ்சு.

சாலமன் வண்டிய ஒரு பார்வ பாத்தான். "பிட்டரே, இது நின்னு போச்சுன்னா ஞாயித்துக்கெழம நாம என்ன பண்றது?" ன்னான். "நீ சர்ச்சுக்குப் போ, நான் தூங்கறேன்"ன்னேன். அவன் சிரிக்கல.

ரெண்டு மாசம் வேல பாத்தோம். நான் வேல பாத்தேன். அவன் பக்கத்துல உக்காந்து முறுக்குத் தின்னான்.

இங்க பாருங்க, இந்தச் சின்ன திருகு, இதுக்குப் பேருதான் ஊசி. இன்ஜினுக்கு எவ்வளவு எண்ணெய் போகோணும்னு சொல்றது இதுதான். உள்ள திருகுனா எண்ணெய் கொறையும். கொறைஞ்சா வேகம் வரும், சத்தமும் கேக்க நல்லா இருக்கும். ஆனா மசகு எண்ணெயும் அந்த எண்ணெயிலதான் கலந்திருக்குது. அதனால இன்ஜின் பட்டினியில ஓடி ஓடி வெந்துரும். இதுல அரைக்கால் சுத்து பெரிய விஷயம். தை மாசம் ஒரு நாள் நான் இல்லாதப்ப சாலமன் அரைக்கால் சுத்து உள்ள திருகியிருக்கான், 'சும்மா வேகம் பாக்கலாம்'னு. எச்சில் வெச்சேன், தெறிச்சுது. கேட்டேன், ஒத்துக்கிட்டான். "தெரியாமப் பண்ணிட்டேன் பிட்டரே, இனித் தொட மாட்டேன்." அன்னைக்கே சுலோச்சனாவோட நகப்பாலீஷ எடுத்து ஊசிக்கும் கார்புரேட்டருக்கும் சேத்து செவப்பா ஒரு கோடு போட்டேன். யாராச்சும் நூலளவு திருப்புனாலும் கோடு ஒடஞ்சுரும். கம்பெனியில அப்படித்தான் செய்வோம். ஆளுங்கள நம்பறதில்ல, கோட்ட நம்பறது.

எண்ணெய் போற டியூப்பு மட்டும் பழசா இருந்துச்சு. சாலமன் சொன்னான், "சிலிக்கான் டியூப்பு பெங்களூருல கெடைக்குது, வாங்கலாம்"ன்னு. நான் ஏன் வாங்கோணும்? எங்கிட்ட ஆஸ்பத்திரி சலைன் டியூப்பு இருந்துச்சு. போன ஐப்பசியில இவனுக்கு டெங்கு. அஞ்சு நாள் வார்டுல நாந்தான் இருந்தேன், அவன் சம்சாரத்துக்கும் காய்ச்சல். அவனுக்கு ரத்தத்துல அணுவு கொறைஞ்சு கொறைஞ்சு இருவதாயிரத்துல வந்து நின்னுச்சு. வெளிய வந்து நின்னேன். உள்ள போனேன். வேற என்ன பண்றது, நான் என்ன டாக்டரா? டிஸ்சார்ஜ் அன்னைக்கு, காசு குடுத்து வாங்குனதுல பிரிக்காத பாக்கெட் ஒண்ணு மிச்சம். நல்ல டியூப்பு. கண்ணாடியாட்டம். எடுத்துட்டு வந்தேன். அதுல ஒரு சாண் வெட்டி இன்ஜினுக்குப் போட்டேன். "பிட்டரே, என் கைக்குப் போன டியூப்பா?"ன்னு சாலமன் கேட்டான். "உனக்கே தாங்குச்சு, இன்ஜினுக்குத் தாங்காதா?"ன்னேன். அதுக்கு ரொம்ப நேரம் சிரிச்சான்.

ரேஸ் அன்னைக்கு இருவது நிமிசம். நடுவுல ஒரு தடவ எண்ணெய் ஊத்திக்கலாம், அவங்க பேட்டரி மாத்திக்கலாம். நான் போயி பேர் குடுத்துட்டு வந்த அஞ்சு நிமிசம் வண்டி அவன் கையில. அத ஞாபகம் வெச்சுக்கங்க.

ஓட்டுனான் பாருங்க. நான் யாரையும் சும்மா புகழறவன் இல்ல. ரெண்டு முழங்கையும் இடுப்போட ஒட்டிட்டு, அசையாம, வாயில மட்டும் எதையோ முணுமுணுத்துட்டு. டாக்டர் வண்டி மேட்டுல குப்புற விழுந்து கெடந்தப்ப இவன் அதச் சுத்திட்டுப் போனான், நாய்க்குட்டி படுத்திருந்தா பஸ்ச ஒடிப்பான் பாருங்க, அந்த மாதிரி. பதினாறு நிமிசத்துல ரெண்டு ரவுண்டு முன்னால நாங்க. அபார்ட்மென்ட் பால்கனியில நின்னு பாத்துட்டிருந்தாங்க, அந்தக் கம்ப்ளெயின்ட் குடுத்தவங்களே.

பதினேழாவது நிமிசம் சத்தம் மாறுச்சு. கீச்சுன்னு மேல போச்சு. "நிறுத்து, நிறுத்து"ன்னு கத்தறேன். அதுக்குள்ள நின்னு போச்சு, நடு கிரவுண்டுல.

ஓடிப்போயி எச்சில் வெச்சேன். நிக்கவேயில்ல, தெறிச்சு என் கை மேலயே விழுந்துச்சு.

சாலமன் வந்தான். "ஊசியத் தொட்டியா?"ன்னு கேட்டேன்.

"கோட்டப் பாரு பிட்டரே"ன்னான்.

எனக்குச் சொல்றான், கோட்டப் பாக்கச் சொல்லி! போட்டவன் நானு. "நான் எதுக்குப் பாக்கோணும்? எனக்குக் காது இருக்குது. மொதல்ல ஒரு தடவ தொட்டவன்தான நீ?"ன்னேன். "ஊரான் பஸ்ச உருட்டறவனுக்கு அடுத்தவன் இன்ஜின் வெந்தா என்ன, வேகாட்டி என்ன"ன்னேன். வேற ஒண்ணும் பெருசா சொல்லல. டாக்டர் கோஷ்டி பூராவும் நின்னுட்டிருந்துச்சு, அதனால கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருப்பேன்.

அவன் ரிமோட்டோட ஏரியல மடக்குனான். டூல்ஸ் பெட்டி மேல மெதுவா வெச்சான். "வண்டி உன்னுது. இனி நீயே ஓட்டிக்க"ன்னான். போயிட்டான்.

கவனிச்சீங்களா? தொடலைன்னு ஒரு வார்த்த சொன்னானா? சொல்லல. நான் அத மனசுல குறிச்சு வெச்சிருக்கேன். தொடாதவன் தொடலைன்னு சொல்லுவானா மாட்டானா? டாக்டர் வேற பக்கத்துல வந்து, "பரவால்ல அங்கிள், ஓல்டு டெக்னாலஜி"ன்னு தோள்ல தட்டுனாரு. அதுக்கப்பறம் நான் அந்த கிரவுண்டுப் பக்கம் போகல.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சர்க்கர கம்மியா இருந்தா சொல்லுங்க.

டியூப்பா? ஆமா, இப்ப இருக்கறது புதுசு. சிலிக்கான். பெங்களூருல இருந்துதான். ஏன் மாத்துனேன்னா... மாத்துனேன். வண்டி வாங்க வந்தவரு டியூப்பப் பத்தி எதுக்கு இத்தன கேள்வி கேக்கறீங்க?

சரி. சொன்னா என்ன வந்துச்சு. இந்த மாத்திர டப்பாவத் தொறந்து பாருங்க. அதான் அந்தச் சலைன் டியூப்பு. வளைச்சுப் பாருங்க. அப்பளமாட்டம் மொடமொடன்னு இருக்குதுல்ல? இந்த எண்ணெய்க்கு அது ஆகாதாம், இறுகிருமாம். இன்ஜின் ஓரமா பாருங்க, முடியாட்டம் ஒரு வெடிப்பு. அது வழியா காத்துப் போயிருக்குது, எண்ணெய் கொறைஞ்சிருக்குது, இன்ஜின் வெந்திருக்குது. அன்னைக்குச் சாயங்காலம் பிரிச்சப்பவே பாத்தேன்.

கோடா? கோடு அப்படியேதான் இருந்துச்சு. இப்பவும் இருக்குது, பாத்துக்கங்க. ஒடையல.

இதுல என் தப்பு என்னங்க இருக்குது? டியூப்பு தப்பு. டியூப்பு செஞ்சவன், இது இன்ஜினுக்கு ஆகாதுன்னு பாக்கெட்டு மேல எழுதியிருக்கோணும். எழுதல. அப்பறம் அவனாச்சும் வந்திருக்கலாம். வந்து, 'என்ன பிட்டரே, பிரிச்சுப் பாத்தியா, எதுல கோளாறு?'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மறைக்கறவனா நானு? கேக்கல. அவன் பஸ்சு நம்ம தெரு முக்குலதான் திரும்புது, ஒரு நாளைக்கு எட்டுத் தடவ. ஹாரன் அடிச்சுட்டே திரும்புவான் முன்னெல்லாம். இப்ப அடிக்கறதில்ல. எட்டுத் தடவையும் அடிக்கறதில்ல.

விடுங்க. ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன், சித்தெ தள்ளி நில்லுங்க. இந்தா, என் சட்டப் பையில பேனாவாட்டம் இருக்குது பாருங்க, இது இக்னைட்டர். டார்ச்லைட்டுக் கூட்டுல நானே செஞ்சது. இத இன்ஜின் தலையில மாட்டி உள்ள கம்பி செவக்கற வரைக்கும் வெக்கோணும். இது இல்லாம ஸ்டார்ட் கயித்த எத்தன இழுத்தாலும் உசிரு வராது. இப்ப இழுக்கறேன்.

ஹா. கேட்டீங்களா? மொத இழுப்பு. மிக்ஸியா இது? எச்சில் வெக்கறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு. ஆச்சு. சைலன்சர் வாயத் துணியில பொத்துனா நின்னுரும், இந்தா.

ஓட்டிப் பாக்கறீங்களா? வேண்டாமா? ஓட்டிப் பாக்காம யாருங்க வண்டி வாங்குவாங்க?

எதுக்கு அவசரமா பணத்த எடுக்கறீங்க? சித்தெ இருங்க. இருங்கங்கறேன்.

ஐடி கம்பெனின்னுதான சொன்னீங்க? நோட்ட நீளவாக்குல மடிச்சு வெரலுக்கு எடையில சொருகி வெச்சிருக்கீங்க. பத்து ஒரு வெரல்ல, நூறு ஒரு வெரல்ல. ஐடி கம்பெனியில அப்படியா சம்பளம் குடுக்கறாங்க? அந்தக் காய்ச்சல் துப்பாக்கி, கொரோனா சமயத்துல பஸ் டெப்போ வாசல்ல நின்னு ஒவ்வொருத்தன் நெத்தியிலயும் காட்டுவாங்களே, அதுதான? அப்பறம், வண்டி இடது பக்கம் இழுக்குமான்னு கேட்டீங்க. அது இழுக்கும்னு உலகத்துல ஒருத்தனுக்குத்தான் தெரியும். ரெண்டு வருசம் வெரலால அத நேராப் புடிச்சே ஓட்டுனவன்.

அவனோட கண்டக்டரா தம்பி நீங்க?

எந்திரிக்காதீங்க, உக்காருங்க, டீயக் குடிங்க. உங்க மேல என்ன கோவம்? கொழுப்பு அவனுக்கு. வெளம்பரத்தப் பாத்திருக்கான். வேற யாரும் வாங்கிட்டுப் போயிரக்கூடாதுன்னு ஆள அனுப்பியிருக்கான். ரிப்பேர் பண்ணத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு? ஒரு ஞாயித்துக்கெழம ஓட்டுவான், அடுத்த ஞாயித்துக்கெழம கட்டிலுக்கடியில போட்டு வெப்பான். அவ்வளவுதான் அவன் தெறம.

எடுத்துட்டுப் போங்க. நெசமாத்தான். இந்தா ரிமோட்டு. இந்தா எண்ணெய், அர லிட்டர் இருக்குது. பணத்த உள்ள வைங்க, அத நான் அவங்கிட்டப் பேசிக்கறேன், பேசற மாதிரி இருந்தா. ஊசியத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. கோட்டப் பாத்துக்கச் சொல்லுங்க, ஒடையாம இருக்குதான்னு. இந்த மாத்திர டப்பாவையும் அவன் கையிலயே குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்லோணும்னு இல்ல. அதுவா வண்டியோட வந்துச்சுன்னு சொல்லுங்க. பாத்தா அவனுக்கே தெரியும், அவன் ஆஸ்பத்திரி டியூப்புதான.

அப்பறம், இழுக்கும்தான். இடது பக்கம். ஒரு நூல். முன்னாடி சக்கரத்தப் புடிச்சிருக்கற கம்பி ஒண்ணு வளைஞ்சிருக்குது, நான் செவுத்துல விட்டப்ப வளைஞ்சது.

இக்னைட்டரா? அது வண்டியோட சேராது தம்பி. வெளம்பரத்துல இக்னைட்டர்னு எழுதியிருக்குதா? இல்லீல்ல. இது என் சட்டப் பையிலதான் இருக்கும்.

கடையில கெடைக்கும்தான். பெங்களூருல கெடைக்கும், போன்ல அமுக்குனா வீட்டுக்கே வரும். அவன் வாங்க மாட்டான். முப்பது தடவ கயித்த இழுத்துப் பாப்பான், கை வலிக்கும், அப்பறம் யோசிப்பான். டிரைவர் புத்தி, லேட்டாத்தான் வேல செய்யும்.

ஞாயித்துக்கெழம அவனுக்கு ஆஃப் டூட்டி. நான் ஒண்ணும் எதிர்பாத்துட்டு உக்காந்திருக்க மாட்டேன்னு சொல்லுங்க. கதவு தொறந்திருக்கும். இந்த மாசம் காத்து நல்லா வருது, அதுக்குத்தான்.